ஜாமீன் கையெழுத்து யார் போடுவது?

கரிசல் காட்டில் வெயில் சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் சில வருடங்களாக எங்கள் பக்கம் அடிக்கடி வருகிறார்கள். முதலில் புரோக்கர் வருவார். அப்புறம் அளக்கிறவர்கள். அதற்கப்புறம் முள்வேலி. வேலிக்குள் நீல நிறப் பலகைகள் வரிசையாகச் சூரியனைப் பார்த்து நிற்கும்.

போன மாதம் நாங்கள் வேலை செய்யும் ஒன்றியத்தில் ஒரு காலனிக்குப் புரோக்கர் வந்தார். நாங்கள் மூன்று பேர், இங்கே எட்டு வருடமாக இருக்கிறோம். காலனிக்காரர்கள் எதற்கும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வது வழக்கம். அன்றைக்கும் கூப்பிட்டார்கள். ஊருக்குத் தெற்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் டி.சி. நிலம்தான் பேச்சு. "ஏக்கருக்கு வருசக் குத்தகை. முப்பது வருசம். சும்மா ஒரு அக்ரிமெண்ட்" என்றார் புரோக்கர்.

எல்லோரும் தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, திண்ணை ஓரத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

"குத்தகை சரி. அந்தக் கரண்டு விக்கிறதுல எங்களுக்குப் பங்கு எம்புட்டு?"

"பங்கா? பங்குன்னா பணம் போடணும் பெருசு."

"கடன் வாங்கிப் போடுறோம்."

"ஒங்களுக்கு எவன் குடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு எங்களை இரண்டு வாரமாகத் தூங்கவிடவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

ஏன் சிரித்தோம் என்று எங்களுக்குத் தெரியும். போன வருடம் இதே காலனியில் ஒரு தம்பிக்கு ஹாலோ பிளாக் போடும் யூனிட்டுக்காக வங்கிக்கு அலைந்தோம். 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில், ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை கடன் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கென உத்தரவாத நிதியும் இருந்தது. சொத்துப் பிணைக்குப் பதிலாக அந்த நிதியின் ஜாமீனிலேயே கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதுதான் சொல். எதை வாங்குவது என்று முடிவு செய்வது வங்கி.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சொத்து ஏதாவது இருக்கா? இல்லேன்னா கவர்மெண்ட் வேலையில இருக்கிற யாராவது ஜாமீன் போடுவாங்களா?" தம்பியிடம் இருந்தது நிபந்தனைகளோடு வந்த வீட்டுமனைப் பட்டா. மேனேஜர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எம்.ஏ. சமூகவியல் தேர்வில் சமூக மூலதனம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த மேசைக்கு முன்னால் அந்தப் பத்துப் பக்கத்தில் ஒரு வரிகூட உதவவில்லை.

ஆக, பெரியவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இருந்த பதில் சிரிப்பு மட்டும்தான். ஆனால் உலகத்தின் இன்னொரு மூலையில் அதே கேள்வியைக் கேட்டு, சிரிப்பை அல்ல, கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள். கனடாவின் பூர்வகுடிகள். அந்தக் கதையை நாங்கள் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்தோம். இந்த இரண்டு வாரத்தில் உட்கார்ந்து படித்தோம். படிக்கப் படிக்க முதலில் பொறாமை வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகிழக்கிலிருந்து அமெரிக்க எல்லை வரை வெஸ்ட்கோஸ்ட் என்ற இயற்கை எரிவாயுக் குழாய் அமைப்பு ஓடுகிறது. நீளம் 2,900 கிலோமீட்டருக்கு மேல். நடத்துவது என்பிரிட்ஜ் என்ற பெரிய நிறுவனம். 2025 மே மாதம், அந்தக் குழாய் போகும் வழியில் உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட பூர்வகுடிச் சமூகங்கள் (அங்கே முதல் தேசங்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்) சேர்ந்து அதில் 12.5 சதவீதப் பங்கை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. விலை 71 கோடியே 20 லட்சம் கனடா டாலர். அவ்வளவு பணம் அவர்களிடம் ஏது? கடன். வங்கி எப்படிக் கொடுத்தது? அதில் 40 கோடி டாலருக்குக் கனடா அரசு ஜாமீன் போட்டது. மத்திய அரசின் பூர்வகுடிக் கடன் உத்தரவாதத் திட்டம் போட்ட முதல் கையெழுத்து அது.

கவனியுங்கள், அரசு பணம் கொடுக்கவில்லை. "இவர்கள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்றது, அவ்வளவுதான். நம் ஊரில் மாமனோ சித்தப்பனோ செய்கிற வேலை. அரசு வேலையில் இருக்கும் மாமன் இல்லாதவர்களுக்கு அரசே மாமனாக நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது கருணையா? இல்லை என்கிறோம். அதைச் சொல்ல அவர்களிடம் ஏன் பிணை வைக்கச் சொத்து இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கனடாவில் 1876-இல் வந்த இந்தியன் சட்டம் (பூர்வகுடிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது) இன்றைக்கும், பல திருத்தங்களோடு, உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டப்படி ரிசர்வ் நிலம் அவர்கள் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. உரிமை மட்டும் அரசுக்கு. ரிசர்வ் என்றால் என்ன என்று காலனியில் ஒரு அக்கா கேட்டார். "ஊருக்கு வெளியே, அவன் காட்டின இடத்துல, அவன் அளந்து குடுத்த அளவுல இருக்கிறது" என்றோம். "அப்ப காலனி" என்றார் அக்கா. சரிதான். முழுக்கச் சரியில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அதற்கு முன் தங்களுடையதென்று ஒரு நாடே இருந்தது. ஆனால் புரிந்துகொள்ளத் தொடங்குவதற்கு அது போதும்.

அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, ரிசர்வில் இருக்கும் பூர்வகுடியின் சொத்தை, இன்னொரு பூர்வகுடியைத் தவிர வேறு யாரும் அடமானம் பிடிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்கிறது. வங்கி என்ன செய்யும்? ஏலம் விட முடியாத சொத்து வங்கிக்குச் சொத்தே இல்லை. பட்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்.

நம் பஞ்சமி நிலத்தின் கதையை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய நிலத்துக்கும் இதே மாதிரி நிபந்தனைதான். முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும். நிலத்தைக் காப்பாற்றப் போட்ட வேலி. அந்த வேலி நிலத்தைக் காப்பாற்றவில்லை என்பது வேறு கதை. 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்களில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். வேலியைத் தாண்டி நிலம் போய்விட்டது. வேலியால் தடைபட்டது நமக்கு வரவேண்டிய கடன் மட்டும்தான்.

உடனே சிலர் சொல்வார்கள், அப்படியானால் நிபந்தனையை எடுத்துவிடலாமே, நிலத்தை எல்லோரையும் போல அடமானம் வைக்கலாமே என்று. படித்த நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். அவர்கள் அமெரிக்காவில் 1887-இல் வந்த டாவ்ஸ் சட்டத்தைப் படிக்க வேண்டும். பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்து, "இனி நீயும் உடைமையாளன்" என்றது அந்தச் சட்டம். பிரித்துக் கொடுத்தது போக மிஞ்சியதை அரசு வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. பிரித்துக் கொடுத்ததிலும் பெரும்பகுதி விற்பனையிலும் வரிப் பாக்கியிலும் போனது. 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த நிலம் 1934-இல் சுமார் 4 கோடியே 80 லட்சம் ஏக்கராகச் சுருங்கியது. நிலத்தைப் பணயம் வைக்கும் சுதந்திரம், இல்லாதவனுக்குக் கிடைக்கும்போது, நிலம் போகும் சுதந்திரமாகத்தான் முடிகிறது.

அரசு ஜாமீன் இங்கேதான் முக்கியமாகிறது. நிலம் வேலிக்குள்ளேயே இருக்கும். கடனும் வரும். நிலத்துக்குப் பதிலாக அரசின் கையெழுத்து பிணை. எங்களுக்கு உறைத்த விஷயம் இது. கடன் கிடைக்காதபடி அந்த மக்களின் நிலத்தைச் சட்டத்தால் கட்டிப்போட்டது எந்த அரசோ, அதே அரசு போடும் கையெழுத்து. பழைய பாக்கியில் ஒரு தவணை என்று இதைச் சொல்லலாமே தவிர, சலுகை என்று சொல்ல நா எழவில்லை.

கணக்கு எப்படி என்று காலனியில் விளக்கியபோது ஒரு உதாரணம் சொன்னோம். ஒரு பேச்சுக்குத்தான், நிஜ எண் அல்ல. நூறு ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறோம். அந்தப் பங்கு வருடம் எட்டு ரூபாய் கொடுக்கும். ஜாமீன் இல்லாமல் கடன் கேட்டால் ஒன்பது வட்டி. எட்டு வந்து ஒன்பது போனால் யாரும் வாங்க மாட்டார்கள். அரசு ஜாமீன் போட்டால், வங்கிக்கு ஆபத்து குறைவு என்பதால், ஐந்து வட்டிக்குக் கொடுக்கிறது. இப்போது மூன்று மிஞ்சும். அதில் ஒரு பகுதி அசலுக்கு, மீதி சமூகத்தின் கைக்கு. இருபது, முப்பது வருடத்தில் கடன் தீர்ந்தால் எட்டும் நம்முடையது. கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு. பெரியவர் கேட்டுவிட்டு, "எட்டு வராமப் போச்சுன்னா?" என்றார். அதுதான் ஜாமீன். வராமல் போனால் கட்ட வேண்டியது அரசு. அதனால்தான் குழாய், மின்கம்பி, மின்நிலையம் போன்ற, நீண்ட ஒப்பந்தங்களில் வருமானம் ஏறத்தாழ முன்கூட்டியே தெரிந்த திட்டங்களாகப் பார்த்துப் போடுகிறார்கள்.

இது திடீரென்று வந்ததும் இல்லை. ஒன்டாரியோ மாகாணம் 2009-இல் 25 கோடி டாலர் வரம்போடு மின்சாரத் திட்டங்களுக்காகத் தொடங்கியது. ஆல்பர்ட்டா 2019-இல் தனி நிறுவனமே அமைத்தது. அதன் 25 கோடி டாலர் ஜாமீனைக்கொண்டு 2022-இல் 23 முதல் தேச, மெட்டி சமூகங்கள் அத்தபாஸ்கா பகுதியில் ஏழு எண்ணெய்க் குழாய்களில் 11.57 சதவீதப் பங்கை 112 கோடி டாலருக்கு வாங்கின. மத்திய அரசு 2024 பட்ஜெட்டில் 500 கோடி டாலர் வரை ஜாமீன் என்று அறிவித்து, 2025 மார்ச்சில் அதை 1,000 கோடியாக்கியது. பூர்வகுடித் தலைவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாங்கியது இது. 2015-இல் அவர்களே தொடங்கிய முதல் தேசப் பெருந்திட்டக் கூட்டமைப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு. யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை.

உரிமை கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்குப் பிடித்த உதாரணம் எண்ணெய்க் குழாய் அல்ல, ஒரு மின்கம்பி. ஒன்டாரியோவின் வடமேற்கில் ரோடுகூட ஒழுங்காக இல்லாத தொலைதூரக் குடியிருப்புகள் டீசல் ஜெனரேட்டரில் வாழ்ந்தன. ஜெனரேட்டரின் சக்தி தீர்ந்தால் புது வீட்டுக்கு இணைப்பு கிடையாது. வீடு கட்டியும் குடிபோக முடியாது. 24 முதல் தேசங்கள் சேர்ந்து வட்டேனிகனேயப் பவர் என்ற நிறுவனத்தில் 51 சதவீதத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, ஃபோர்டிஸ் போன்ற மின்துறை முதலீட்டாளர்களைக் கூட்டுச் சேர்த்து, சுமார் 1,800 கிலோமீட்டர் மின்பாதை போட்டன. வெளிச்சம் கொண்டுவரும் கம்பி என்று அந்தப் பெயருக்குப் பொருள். 2018 டிசம்பரில் பிக்காஞ்சிக்கம் என்ற ஊருக்கு முதலில் கரண்ட் வந்தது. மொத்தம் 17 சமூகங்களை டீசலிலிருந்து விடுவிக்கும் திட்டம். மத்திய, மாகாண அரசுகளின் பணமும் கடனும் இதில் பெரிய அளவில் உண்டு. கம்பி யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்த இடத்தில் அந்த வீட்டுக்காரர்களே உட்கார்ந்திருந்தார்கள். 51 என்ற எண்ணின் ருசி அது.

இனி சந்தேகம்.

வெஸ்ட்கோஸ்ட் குழாய்க்கே திரும்புவோம். அந்தக் குழாயில் எரிவாயு ஓடத் தொடங்கியது 1957-இல். அன்றைக்குக் கனடாவின் பூர்வகுடிகளுக்கு, தங்கள் பூர்வகுடி அந்தஸ்தை இழக்காமல், நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை கிடையாது. அது வந்தது 1960-இல். நிலத்துக்காக வழக்காடப் பணம் திரட்டுவதும் வக்கீல் வைப்பதும் 1927-இலிருந்து 1951 வரை சட்டப்படி குற்றம். அந்த மாகாணத்தின் பெரும்பகுதி நிலம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுக்கப்படாதது. அப்படிப்பட்ட நிலத்தில், ஓட்டில்லாத மக்களின் நடுவே போட்ட குழாய். கிட்டத்தட்ட எழுபது வருடம் அது சம்பாதித்த பிறகு, அதில் எட்டில் ஒரு பங்கை அவர்கள் சந்தை விலைக்கு, கடன் வாங்கி, வட்டி கட்டி வாங்குகிறார்கள். காலனியில் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, "நம்ம கொல்லையில போட்ட பாதைக்கு நாமளே காசு குடுக்கவா?" என்றார். எங்களுக்குப் பதில் வரவில்லை.

12.5 சதவீதம் பங்குதான். குழாயை நிறுத்து, திருப்பு, மூடு என்று சொல்லும் அதிகாரம் அல்ல. லாபத்தில் பங்காளி, முடிவில் பார்வையாளர். எண்ணெயும் எரிவாயுவும் முப்பது வருடம் இதே மாதிரி விலைபோகுமா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்தாலும், இது ஒதுங்காது. பெரிய நிறுவனங்கள் பழைய குழாய்களில் பங்கு விற்றுக் கைக்குப் பணம் வாங்கிக்கொள்கின்றன. புதுக் குழாய் போடும்போது எதிர்ப்பும் குறைகிறது. இரண்டு மாங்காய். இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை, அங்கே பூர்வகுடிகளுக்குள்ளேயே கடுமையாகப் பேசப்படுகிறது.

வெட்சுவெட்டென் மக்களின் கதை அதில் முக்கியமானது. கோஸ்டல் கேஸ்லிங்க் என்ற 670 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய்க்கு, வழியிலுள்ள 20 தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளும் ஒப்பந்தம் போட்டன. வெட்சுவெட்டென் மரபுவழித் தலைவர்கள் முடியாது என்றார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 1997-இல் டெல்கமூக் வழக்கில், பூர்வகுடிகளின் நில உரிமை என்பது சட்டத்தில் நிற்கும் உரிமைதான் என்று சொல்லியிருந்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்களில் அதே தலைவர்கள் உண்டு. போலீஸ் 2019, 2020, 2021 என்று மூன்று முறை அவர்கள் முகாம்களுக்குள் நுழைந்து ஆட்களைக் கைதுசெய்தது. 2020 தொடக்கத்தில் ஆதரவாக நாடெங்கும் ரயில் மறியல் நடந்தது.

இதைப் படிக்கையில் எங்களுக்குள்ளே சண்டை வந்தது. பிறப்பால் வரும் தலைமை என்றாலே நமக்கு நாக்கில் கசக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை சொன்னதைத்தானே கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் வாதாடினார். ஆனால் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை என்ற அமைப்பே இந்தியன் சட்டம் திணித்தது, அதன் அதிகாரம் ரிசர்வ் எல்லைக்குள்தான், வெளியே பரந்து கிடக்கும் மரபு நிலத்துக்கு யார் பேசுவது என்பதுதான் வழக்கே என்று இன்னொருவர். சண்டை தீரவில்லை. நடுவில் எங்களுக்கு ஞாபகம் வந்தது தனித் தொகுதி ஊராட்சித் தலைவர்கள். தேர்தலில் ஜெயித்த நம் ஆள்தான். ஆனால் எத்தனை ஊரில் அவர் கையெழுத்தை யாரோ பிடித்துப் போடுகிறார்கள்? கையெழுத்துப் போட்டவர் நம்மவர் என்பதாலேயே அது நம் சம்மதம் ஆகிவிடாது. வறுமையில் வைத்திருந்துவிட்டு, பணத்தை ஒரு கையிலும் படிவத்தை இன்னொரு கையிலும் நீட்டினால் வரும் சம்மதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

2025 ஜூனில் கனடா நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேச நலன் என்று அரசு பட்டியலிடும் பெருந்திட்டங்களுக்குச் சீக்கிரம் அனுமதி கிடைக்கும். ஜாமீன் தொகையை இரட்டிப்பாக்கிய அதே பிரதமர், அதே வருடம். இந்தச் சட்டத்தையும் ஒன்டாரியோவின் இதே மாதிரிச் சட்டத்தையும் எதிர்த்து ஒன்பது முதல் தேசங்கள் அடுத்த மாதமே நீதிமன்றத்துக்குப் போயின. பங்கு கேட்கும் உரிமையையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் ஒரே தராசில் வைத்து, முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார்களோ என்பதுதான் அங்கிருப்பவர்களின் பயம். பூர்வகுடி உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை நடைமுறைப்படுத்த 2021-இல் சட்டம் போட்ட நாடு அது. அந்தப் பிரகடனம், முன்கூட்டிய, தெரிந்த, சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்கிறது.

இன்னொரு சின்னக் குறை. ஆல்பர்ட்டாவில் ஜாமீன் கேட்கக் குறைந்தபட்சம் 2 கோடி டாலர் முதலீடு வேண்டும். சின்னச் சமூகத்தின் சின்னத் தொழிலுக்கு, ஒரு மர அறுவைக் கூடத்துக்கு, ஒரு கடைக்கு இந்த வாசல் திறக்காது. எங்கள் ஹாலோ பிளாக் தம்பி அங்கே பிறந்திருந்தாலும் இந்த வரிசையில் நிற்க முடியாது. அரசுக்கு எந்தத் திட்டம் வேண்டுமோ அதற்கு மட்டும் மாமனாக நிற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நாங்கள் வந்து நிற்கும் இடம் எது என்று கேட்டால், ஜாமீன் வேண்டும் என்பதுதான். கொஞ்சம்கூடத் தயங்காமல். சந்தேகங்கள் ஜாமீனைப் பற்றியவை அல்ல, அது எதற்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியவை. அம்பேத்கர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், விவசாயத்துக்கும் தொழிலுக்கும் மூலதனம் கொடுப்பது அரசின் கடமை என்று எழுதினார். நிலத்தையே அரசு எடுத்து, சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும், விதையும் நீரும் பணமும் அரசே தர வேண்டும் என்றார். கையில் ஒன்றும் இல்லாதவனிடம் "நீயும் சந்தையில் போட்டி போடு" என்பதன் பொருள் அவருக்குத் தெரியும். அவர் கேட்டதில் ஜாமீன் கையெழுத்து ரொம்பச் சின்னப் பகுதி. அதையே நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. கேட்கத் துணிந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்தோம்.

மறுபடி அந்தக் காலனிக்குப் போனோம். இந்த முறை மூன்று விஷயம் சொன்னோம். முதலாவது, டி.சி. நிலத்தை அந்தக் கம்பெனிக்கு "சும்மா ஒரு அக்ரிமெண்ட்" போட்டுக் கொடுத்தால், அது நிபந்தனை மீறல் என்று சொல்லி நாளைக்கு நிலத்தையே பிடுங்கும் சாக்காகலாம். யாரும் எதிலும் கைநாட்டு வைக்க வேண்டாம். இரண்டாவது, மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் விவசாயிகளோ கூட்டுறவோ சேர்ந்து தரிசு நிலத்தில் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை தாங்களே சோலார் போட்டு மின்வாரியத்துக்கு விற்க வழி இருக்கிறது. காகிதத்தில் வழி. போட வேண்டிய பணம் கோடிக்கணக்கில், ஜாமீனுக்கு ஆள் கிடையாது. மூன்றாவது, அந்த ஜாமீனை அரசிடம் எழுத்தில் கேட்போம், எந்தத் திட்டம் என்று நாம் முடிவு செய்த பிறகு.

"கேட்டா குடுத்திருவாகளா?" என்று ஒரு அக்கா.

"குடுக்க மாட்டாக" என்றார் பெரியவர். "ஆனா எவன் குடுப்பான்னு அந்தப் புரோக்கர் கேட்டாம்ல, அவனுக்கு ஒரு பேரு சொல்லணும்ல."

மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கலெக்டருக்கு ஒன்று, ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று. கூடவே ஹாலோ பிளாக் தம்பிக்காக, உத்தரவாத நிதி இருந்தபோது ஏன் சொத்துப் பிணை கேட்டீர்கள் என்று வங்கிக்கு ஒரு கடிதம். கனடா கணக்கை மனுவில் சேர்க்கலாமா என்று யோசித்தோம். சேர்க்க வேண்டாம் என்றார் எங்களில் ஒருவர், குழாயைப் பார்த்துவிட்டு எரிவாயுக் கம்பெனியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று. மின்கம்பிக் கதையை மட்டும் சேர்த்திருக்கிறோம். 51 சதவீதம் என்பதைப் பெரியவர் அடிக்கோடு போடச் சொன்னார். போட்டிருக்கிறோம்.